பாரிஸில் கேட்ட தும்மல்

அத்தியாயம் – 5

"மிஸ், இந்த ரஷ்யாக்காரன் நாம வந்ததுலேருந்து யாரையோ ஏசிக்கிட்டே இருக்கான். ஏச்சு வாங்குறவன் பாவம், ஒரு வார்த்த திருப்பிப் பேசலியே."

சின்னராசா ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டுச் சொன்னான்.

"அது வானிலை அறிக்கையா இருக்கும். வேற நாட்டைப் போடும்," என்றார் யோகமலர்.

"வானிலைய ஏன் மிஸ் இவ்வளவு கோவமா சொல்றான்?"

"அங்கத்தைய குளிர் அப்பிடி."

பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் இருந்தது ஹுமைத் நாநாவின் நெட் கஃபே. கஃபே என்று பெயர் வைத்தாரே தவிர, யாருக்கும் ஒரு பிளேன்டீ கொடுக்கும் எண்ணம் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஒட்டுப்பலகையால் தடுத்த சின்னச் சின்ன அறைகள், அவற்றில் கிழட்டுக் கணினிகள், எல்லாவற்றுக்கும் பின்னால் பழுதான பெட்டிகளைத் திருத்தும் ஓர் இருட்டறை. அவ்வளவுதான் கடை. 'உலகத்து ரேடியோ எல்லாம் இங்கே கேட்கலாம்' என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார். அது பொய்யில்லை. பக்கத்துத் தடுப்பில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்ட் ஒருவர் ஜப்பான் நாட்டுக் கால்பந்து வர்ணனையை, ஒரு சொல்கூட விளங்காமல், வாயைத் திறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கோல் விழுந்தால் மட்டும் அவருக்கு விளங்கிவிடும்.

2008ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வெளியே மழை.

யோகமலர் பதுளை நீதிமன்றத்தில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சிகள் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் சொல்வது அவர் சம்பளத்துக்குச் செய்த வேலை. சாட்சிகள் சொல்லாமல் விட்டதைக் கவனிப்பது அவராகப் பழகிக்கொண்டது. ஓய்வுக்குப் பிறகு இந்த இரண்டாவதே தொழிலாகிவிட்டது. சின்னராசா அவருடைய த்ரீவீல் சாரதி, உதவியாளர், காவலாளி எல்லாம். அவனுடைய வண்டிக்காவது பிரேக் உண்டு, வாய்க்குக் கிடையாது.

"நாநா," என்று சின்னராசா கவுண்டர் பக்கம் கத்தினான். "லண்டன் ரேடியோவுல நாலரைக்குத்தானே நிகழ்ச்சி? இன்னும் பாட்டே ஓடுது."

"பொறுங்க மகன். நெட் ரேடியோ எப்பவும் ஒரு நிமிஷம் போல பிந்தித்தான் வரும்," என்றார் ஹுமைத் நாநா. "போன மேட்ச்சுல கீழ்க் கடை டிவியில ஆள் அவுட்டாகி, எல்லாரும் ஏசி முடிஞ்ச பொறகு, மேல ரேடியோவுல அதே ஆளு மட்டையத் தட்டிக்கிட்டு நிக்கிறான். நான் என்ன செய்ய?"

யோகமலர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இராக்கம்மா இன்னும் வரவில்லை.

இராக்கம்மா தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பணியக்கணக்கு என்று சொல்லும் அடிவாரப் பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர். அவருடைய மூத்த மகன் தினேஸ் இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஏஜென்ட் மூலம் பிரான்ஸுக்குக் கிளம்பினான். மாஸ்கோவரை போனதற்குத் தகவல் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வேலையில்லாத ஞாயிறுகளில் இராக்கம்மா பஸ் ஏறி இந்தக் கடைக்கு வந்து, 'எம்புள்ளகிட்டேருந்து ஏதும் வந்துருக்கா?' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார். கடந்த சித்திரையில்தான் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. லண்டனிலிருந்து வரும் 'உறவோசை' என்ற நெட் ரேடியோவில், ஞாயிறு வாழ்த்து நிகழ்ச்சியில், 'பாரிஸிலிருந்து தினேஸ்' என்று ஒரு குரல் கேட்டது. பிறகு ஒவ்வொரு வாரமும் கேட்டது.

கேட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் வீட்டில் இன்னொரு மகன் இருந்தான். இளையவன் நிரோஜன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றபோது போர்க்காலப் பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடிபட்டான். தமிழ்ப் பெயரும் தோட்டத்து முகவரியும் போதுமாயிருந்த காலம் அது. அடி வாங்கி வெளியே வந்தவன் அதன் பிறகு லயத்து வாசலைத் தாண்டவே பயந்தான். இப்போது அதே ஏஜென்ட், அதே பாதை. வருகிற புதன்கிழமை கிளம்புகிறான். 'அண்ணன் போய்ச் சேந்துட்டான்தானே?' என்ற ஒரே பேச்சு அவனுக்குப் போதும்.

கடந்த செவ்வாய்க்கிழமை யோகமலரின் வீட்டு வாசலில் நின்று இராக்கம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தக் கொரலு எங்கேருந்து வருதுன்னு மட்டும் கண்டுபுடிச்சுச் சொல்லுங்க மிஸ். அடுத்த பொதங்கெழமைக்கு முன்னாடி சொல்லுங்க."

ஏன் சந்தேகம் என்று அவர் சொல்லவில்லை. யோகமலரும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

பழைய வாரங்களின் நிகழ்ச்சிகள் ரேடியோவின் இணையப் பக்கத்திலேயே இருந்தன. வெள்ளியும் சனியும் இருவரும் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தொண்டை கட்டிய குரல். அதன் பின்னால் தூரத்தில் தகரத்தில் தட்டுவது போல ஒரு சத்தம், டக்கடக்க டக்கடக்க என்று. சின்னராசா துள்ளிக் குதித்தான்.

"கொத்து ரொட்டி மிஸ்! கொத்து போடுறாங்க! ஆளு பாரிஸ்ல இல்ல, இங்கதான் இருக்கான்!"

"பாரிஸில லாசப்பல் தெருவில எத்தினை தமிழ்க் கடை இருக்கெண்டு தெரியுமோ? பாரிஸிலயும் கொத்துப் போடுவினம்."

"அங்க போயும் கொத்துதானா," என்று சின்னராசா சோர்ந்து உட்கார்ந்தான். "அப்ப எதுக்கு மிஸ் இவ்வளவு தூரம் போறாங்க?"

அந்தக் குரலில் வேறு ஏதோ ஒன்று யோகமலரை உறுத்திக்கொண்டிருந்தது. அது குரல் சொன்னதில் இல்லை, சொல்லாமல் விட்டதில் இருந்தது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குப் பயமாக இருந்தது.

படியில் ஈரக் காலடிச் சத்தம். இராக்கம்மா வந்துவிட்டார். நனைந்த குடையைச் சுருட்டிக்கொண்டு நிரோஜன் பின்னால் வந்தான். கூப்பிட்டால் முதுகைச் சுருக்கிக்கொள்ளும் பிள்ளை அவன். இன்று மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

கடையில் கணினி திருத்தும் கிஷாந்தன் ஓடிவந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பதுளை டவுனில் வளர்ந்த கிளார்க் வீட்டுப் பிள்ளை, பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு. "இருங்கோ அம்மா. மழையில நனைஞ்சிட்டீங்களே," என்று இராக்கம்மாவின் காதருகே முந்தானையை மெல்ல ஒதுக்கி ஹெட்ஃபோனை வைத்தான். இன்னொன்றை நிரோஜனிடம் கொடுத்தான். "லைன் விட்டு விட்டு வருது. நான் பின்னால போய்ச் சேர்வரைப் பாக்கிறன்," என்று போய்விட்டான்.

நிகழ்ச்சி தொடங்கியது. நால்வர் காதிலும் இப்போது அதே ரேடியோ. அறிவிப்பாளர் தேன் குடித்தவர் போலப் பேசினார். ஜெர்மனியிலிருந்து ஒருவர் மட்டக்களப்பில் இருக்கும் தங்கைக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார். கனடாவிலிருந்து ஒரு குடும்பமே வரிசையில் நின்று பேசியது. எல்லோரும் முடிக்கும்போது, 'அப்ப போயிட்டு வாறம்', 'வைக்கிறன் என்ன', 'அடுத்த கிழமை வாறன்' என்று இரண்டு மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். போகவே மனமில்லாதவர்கள். யோகமலர் அதைத்தான் எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

நோர்வேயிலிருந்து ஓர் அம்மா வந்தார். தன் பேத்தியின் பரதநாட்டிய அரங்கேற்றத்தைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, கீழ்க் கடையில் யாரோ காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டார்கள். நெடி படியேறி வந்தது.

"ஹ்... ஹ்... ஹாச்ச்சூ! முருகா!"

சின்னராசாவின் தும்மலில் முதுகுப்புறப் பலகை அதிர்ந்தது. ஜப்பான் ரசிகர் எட்டிப் பார்த்து முறைத்தார்.

"சத்தம் போடாதையும்," என்றார் யோகமலர்.

"தும்மலுக்கு வோலியூம் இல்லையே மிஸ்."

நோர்வே அம்மா ஒருவழியாக விடைபெற்றார். "அடுத்ததாக, எங்கள் நிகழ்ச்சியின் அன்புத் தம்பி, பாரிஸிலிருந்து தினேஸ்," என்றார் அறிவிப்பாளர்.

இராக்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா... நான் தினேஸ் பேசுறேன்." கரகரப்பான, அடங்கிய குரல். "நல்லா இருக்கேன். ரூம்ல ஹீட்டர் இருக்கு, குளிரே தெரியலம்மா. காலுக்கு நல்ல சப்பாத்து வாங்கியிருக்கேன், தண்ணி போகாது. மூனு நேரமும் சாப்புடுறேன். நீங்க மருந்த விடாம—"

ஹ்... ஹ்... ஹாச்ச்சூ! முருகா!

"—விடாம குடிங்க. மழையில கொழுந்துக்குப் போகாதீங்க."

அவ்வளவுதான். குரல் நின்றது. "தினேஸ்? தம்பி? லைன் அறுந்திட்டுது போல," என்றார் அறிவிப்பாளர். பாட்டு வந்தது.

சின்னராசா வாயைத் திறந்தபடி யோகமலரைப் பார்த்தான்.

"மிஸ்... பாரிஸ்ல ஒருத்தன் என்ன மாதிரியே தும்முறான். முருகன வேற கூப்புடுறான்."

"ஒருத்தன் இல்லை. நீர்தான்."

"நான் எப்ப மிஸ் பாரிஸ் போனேன்?"

"நோர்வேக்காரி கதைக்கேக்க நீர் தும்மினீர். ரேடியோ ஒரு நிமிஷம் பிந்தித்தான் வருது எண்டு நாநா சொன்னவர்தானே? அந்தத் தும்மல் லண்டனுக்குப் போய், இப்ப தினேஸின்ட குரலுக்குப் பின்னால திரும்பி வருது. அப்பிடியெண்டால் நீர் தும்மின நேரத்தில அந்தக் குரல் எங்க இருந்திருக்கு?"

சின்னராசா மெதுவாகத் திரும்பித் தன் முதுகுப்புறப் பலகையைப் பார்த்தான். மறுபக்கம் கணினி திருத்தும் இருட்டறை.

"தொண்டை கட்டினவன் இல்லை," என்றார் யோகமலர் எழுந்துகொண்டே. "பலகைக்கு இங்கால கேக்கக்கூடாது எண்டு குரலை அடக்கிக் கதைக்கிறவன்."

இருட்டறையில், உடைந்த கணினிகளுக்கு நடுவே, கிஷாந்தன் கவிழ்த்து வைத்த பெட்டியில் உட்கார்ந்திருந்தான். கையில் மைக். இணையம் வழியாகப் பேசிய அழைப்பு திரையில் முடிந்திருந்தது. அவன் ஓடப் பார்க்கவில்லை. வந்தவர்களைப் பார்த்ததும் மைக்கைக் கவனமாகக் கீழே வைத்தான்.

சின்னராசா அவன் காலரைப் பிடித்துவிட்டான். "ஏஜென்ட்டோட ஆளாடா நீ? ஆளுங்க போய்ச் சேந்துட்டாங்கன்னு காட்டத்தானே இந்த நாடகம்? மத்த பிள்ளைங்களையும் அனுப்பி வைக்கத்தானே?"

"விடும் சின்னராசா."

"மிஸ், இவன்—"

"ஏஜென்ட்டின்ட ஆளெண்டால், 'போயிட்டு வாறேன்மா, அடுத்த கிழமை பேசுறேன்மா' எண்டு வடிவாச் சொல்லி முடிச்சிருப்பான். விடும்."

சின்னராசாவின் கை தளர்ந்தது. யோகமலர் ஒரு ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, சித்திரையில இருந்து நீர் கதைச்சது எல்லாத்தையும் கேட்டனான். ஹீட்டர் இருக்கெண்டீர். சப்பாத்து இருக்கெண்டீர். சாப்பாடு இருக்கெண்டீர். ஆனால் ஒரு நாளும் 'போயிட்டு வாறன்' எண்டு சொல்லேல்லை. சொல்லாமலே எழும்பிப் போயிட்டீர். எங்கட ஆக்கள் எங்க போனால் சொல்லாமல் எழும்பி வருவினம் எண்டு எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும்."

கிஷாந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"செத்த வீட்டில," என்றான். "வாய் வரேல்லை மிஸ். ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் பாத்தனான். வரேல்லை."

கீழ்க் கடையில் கொத்து போடத் தொடங்கினார்கள், பழைய நிகழ்ச்சிகளில் கேட்ட அதே டக்கடக்க. சின்னராசா கதவோரமாகச் சாய்ந்துகொண்டான்.

"எப்பிடி?" என்று கேட்டார் யோகமலர்.

"தினேஸும் நானும் மாஸ்கோவில ஒரே அறையில இருந்தனாங்கள். பிறகு உக்ரேனுக்குக் கொண்டு போனவை. அங்கயிருந்து எல்லைக் காட்டுக்குள்ளால, பனிக்குள்ள நடை. தினேஸின்ட சப்பாத்து பிஞ்சு போச்சு. துணியைச் சுத்திக்கொண்டு நடந்தவன். கால் கறுத்துப் போச்சு மிஸ். நடக்க ஏலாதவனை விட்டிட்டு வாங்கோ எண்டு கூட்டிக்கொண்டு போனவன் சொன்னான். மற்றவை போயிட்டினம். நான் போகேல்லை. அவனைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். விடிஞ்சு பாத்தால் அவனுக்கு மூச்சில்லை."

அவன் கையின் பின்புறத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"எல்லைப் பொலிஸ் வந்து இழுத்துக்கொண்டு போகுமட்டும் பக்கத்திலதான் இருந்தனான். பிறகு முகாமில போட்டு, திருப்பி அனுப்பிச்சினம். வந்த உடன அம்மாட்டைச் சொல்லத்தான் வெளிக்கிட்டன். தெமோதரையில இறங்கி, தோட்டத்துக்கு ஏறுற பாதையில நிண்டிட்டு, அடுத்த ரயிலில திரும்பி வந்திட்டன். இந்தக் கடையில வேலை கிடைச்சுது. முதல் ஞாயிறே அவ வந்து கவுண்டரில நிண்டு, எம்புள்ள தினேஸ்கிட்டேருந்து ஏதும் வந்துருக்கா எண்டு கேட்டா. நாநா இல்லையெண்டார். அவ சிரிச்சா மிஸ். பரவாயில்ல, அடுத்த கெழம வாறேன் எண்டு சிரிச்சுக்கொண்டு போனா. அதைப் பாத்துக்கொண்டு என்னால இருக்க முடியேல்லை."

யோகமலருக்குக் கண் கலங்கியது. எத்தனையோ சாவுகளை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு, குரல் நடுங்காமல் மாற்றிக் கொடுத்தவர் அவர். இதை யாருக்கும் மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அழுகை வந்தது.

சின்னராசாதான் கேட்டான், மிகவும் மெதுவாக.

"தம்பி, அந்தம்மா பக்கத்துல உக்காந்து கேக்குறானே, அந்தப் பையன் யாருன்னு தெரியுமா?"

"தினேஸின்ட தம்பி."

"பொதங்கெழம அவனும் கெளம்புறான். அதே ஏஜென்ட்டு. அதே வழி. ஒன் கொரல நம்பித்தான் போறான்."

கிஷாந்தன் எழுந்து நின்றான். "ஒருத்தரும் சொல்லேல்லையே," என்றான். "அம்மாவுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும் எண்டுதானே... ஐயோ, நான் சப்பாத்து இருக்கெண்டு சொன்னனே மிஸ். குளிர் தெரியேல்லை எண்டு சொன்னனே."

"அதுக்கு நீ ஏம்பா அழுவுற?"

எல்லோரும் திரும்பினார்கள். கதவருகில் இராக்கம்மா நின்றார். யோகமலர் எழுந்து போனதைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. தோளில் மழை ஈரம் இன்னும் இருந்தது.

"இராக்கம்மா, இருங்கோ," என்று யோகமலர் எழுந்தார். "நான் சொல்லுறன்."

"வேணாம் மிஸ். கேட்டுட்டேன்." அவர் கிஷாந்தனிடம் வந்தார். "எம்புள்ள கொரலு இல்லன்னு மொத நாளே தெரியும் தம்பி. பெத்தவளுக்குத் தெரியாதா? ஆனா வாரத்துக்கு ஒருதரம் யாரோ ஒரு புள்ள என்னய மருந்து குடின்னு சொல்லுது. மழையில நனையாதன்னு சொல்லுது. அதக் கேக்க வந்துக்கிட்டு இருந்தேன். சின்னவன் கெளம்புறேன்னு சொன்ன பொறகுதான் பயம் வந்துச்சு. நான் சொன்னா அவன் நம்பல. ரேடியோவுல சொல்றாங்கன்னு சொல்றான்."

"எப்பிடி அம்மா தெரியும்? குரலை மாத்தித்தானே..."

"அம்மாங்கிறியே, அதுலதான். எம்புள்ள என்னய அம்மான்னு கூப்புட்டதே இல்ல. வெளியாளுங்ககிட்டதான் 'எங்கம்மா'ம்பான், வெக்கம் அவனுக்கு. வூட்ல ஆயின்னுதான் கூப்புடுவான்."

கிஷாந்தன் அவரையே பார்த்தான்.

"என்ன சொன்னீங்கள்?"

"ஆயி. அப்புடித்தான் கூப்புடுவான்."

"அந்தக் காட்டுக்குள்ள," என்றான் அவன், சொல்லைத் தேடித் தேடி. "கடைசி வரைக்கும் அவன் ஆயி, ஆயி எண்டு முனகிக்கொண்டே இருந்தவன். நான் கால் நோகுதாக்கும் எண்டு நினைச்சன். நோவில முனகுறான் எண்டு நினைச்சு அவன்ட காலையே தேய்ச்சுக்கொண்டு இருந்தன் அம்மா."

இராக்கம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நோவுல இல்லப்பா," என்றார். "என்னயக் கூப்புட்டிருக்கான்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சத்தமில்லாமல், உடம்பு முழுவதும் குலுங்க அழுதார். கிஷாந்தன் அவர் காலடியில் உட்கார்ந்தான். அவர் கை தானாகப் போய் அவன் தலையில் நின்றது.

"என்ன நடக்குது இங்க?"

நிரோஜன் வாசலில் நின்றான். யோகமலர்தான் அவனுக்குச் சொன்னார், கூட்டாமல் குறைக்காமல். அவன் நம்பவில்லை. முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு கோபமாயிற்று.

"பொய். நான் போகக்கூடாதுன்னு ஆயி ஒங்களக் கூட்டிட்டு வந்து கத கட்டுது. அண்ணே இப்பத்தான் பேசுச்சு. நான் என் காதால கேட்டேன்."

"தம்பி, அது நான்தான்," என்றான் கிஷாந்தன்.

"நீங்க யாரு? நீங்க டவுன் ஆளு, நீங்க பேசுறதே வேற. எங்கண்ணே தோட்டத்துப் பேச்சுல பேசுச்சு. லண்டன்காரங்க அண்ணே பேர சொல்லிக் கூப்புட்டாங்க. அவங்களும் பொய்யா?"

"நாளைக்குப் பொலிஸுக்குப் போவம், அந்த ஏஜென்ட்டைக் கேப்பம்," என்றார் யோகமலர்.

"பொலிஸா?" நிரோஜனின் முதுகு சுருங்கியது. "நான் பொலிஸுக்கு வரமாட்டேன். பொதங்கெழம நான் போறேன். இங்க இருந்தா என்னய மறுபடி புடிப்பாங்க. அங்க போனா அண்ணே இருக்கு." அவன் விடுவிடுவென்று முன்னால் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டான். அந்தப் பிள்ளைக்கு இனி யார் சொல்லியும் ஏறாது என்று யோகமலருக்குப் பட்டது. மனம் கசந்தது. கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடித்தாயிற்று, காப்பாற்ற வேண்டியவன் கைக்கு எட்டாமல் உட்கார்ந்திருக்கிறான்.

இராக்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தம்பி," என்றார் கிஷாந்தனிடம். "அந்த லண்டன்காரவுகளுக்கு இன்னொருக்காப் போடு."

"இப்பவோ அம்மா?"

"நிகழ்ச்சி இன்னும் நடக்குதுல்ல? போடு."

அவன் போட்டான். இரண்டு முறை தவறி, மூன்றாவதில் கிடைத்தது. அறிவிப்பாளரின் குரல் சின்ன ஸ்பீக்கரில் வந்தது. "வணக்கம், உறவோசை. எங்கேயிருந்து கதைக்கிறீங்கள்? யாருக்கு வாழ்த்து?"

இராக்கம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வாழ்த்து இல்லங்கய்யா. சாவு சொல்லணும்."

அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார். இந்தப் பக்கத்துத் துயரமெல்லாம் இந்த ரேடியோக்களில்தான் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்த காலம், அவருக்கு வார்த்தைகள் பழக்கம். "சொல்லுங்கோ அம்மா. இறந்தவரின் பெயர்?"

"தினேஸ். ஒங்ககிட்ட ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பேசுனானே, அந்தப் பேரு. பேசுனது அவன் இல்ல. என் மனசு கோணக்கூடாதுன்னு வேற ஒரு புள்ள பேசுச்சு. அதுமேல குத்தம் இல்ல. நான் தினேஸப் பெத்தவ, தெமோதர இராக்கம்மா."

"ஐயோ... அம்மா, ஆழ்ந்த அனுதாபங்கள்." காகிதம் புரளும் சத்தம். பழகிய வாய் தானாக அறிவித்தலைத் தொடங்கியது. "இலங்கை, தெமோதரையைப் பிறப்பிடமாகவும், பிரான்ஸ், பாரிஸை வதிவிடமாகவும் கொண்ட..."

"இல்லங்க. பாரிஸ் இல்ல."

"மன்னிக்கவேணும். அப்ப வதிவிடம் எந்த இடம் அம்மா?"

இராக்கம்மா கிஷாந்தனைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். அவனுக்கும் அந்தக் காட்டின் பெயர் தெரியாது.

"அவன் எங்கயும் போய்ச் சேரலங்கய்யா," என்றார் இராக்கம்மா. "வழியில பனியில செத்துப்போயிட்டான். அத அப்புடியே சொல்லுங்க. எஞ் சின்னவன் நிரோஜன் முன்னுக்கு ஒக்காந்து ஒங்க ரேடியோவத்தான் கேட்டுக்கிட்டு இருக்கான். பொதங்கெழம அதே வழியில கெளம்புறான். ஆயி சொன்னா நம்ப மாட்டேங்குறான், நீங்க சொன்னா நம்புவான். அவனுக்கு வெளங்குற மாதிரி, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கய்யா."

லண்டனில் அந்த மனிதர் மறுபடி பேசியபோது குரலில் தேன் எல்லாம் போயிருந்தது.

யோகமலரால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. முன்பக்கம் வந்தார். ரேடியோ பிந்தி வந்ததால் நிரோஜன் இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை. அவன் காதில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கும், மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு விரல் நின்றது. தன் தாயின் குரல் லண்டனிலிருந்து வருவதைக் கேட்டு அவன் கண்கள் அகன்றன. ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த சத்தம் யோகமலருக்கும் கேட்டது. அறிவிப்பாளர் ஒவ்வொரு சொல்லாக, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாக வாசித்தார்.

"தெமோதரையைப் பிறப்பிடமாகக் கொண்டவரும், எங்கும் போய்ச் சேராதவருமான தினேஸ் காலமானார். அன்னார் இராக்கம்மாவின் அன்பு மகனும், நிரோஜனின் அன்பு அண்ணனும் ஆவார். தம்பி நிரோஜன், கேட்டுக்கொண்டு இருக்கிறீங்களோ? அண்ணா இங்கே இல்லை ஐயா. வராதையுங்கோ."

நிரோஜன் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தான். பிறகு எழுந்து, பலகைத் தடுப்பைப் பிடித்துப் பிடித்து, தன் தாய் இருந்த அறைக்கு நடந்தான்.